இத்தாலியச் சிற்றூர்களின் கோடை விழாக்கள்

இத்தாலி என்றவுடன் உரோமாபுரியின் இடிபாடுகளும், வெனிஸ் நகரத்துக் கால்வாய்களும், பைசா நகரின் சாய்ந்த கோபுரமுமே மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. பாடநூல்கள் அவற்றையே சொல்லி வந்திருக்கின்றன, அதில் குற்றமில்லை. ஆயினும், அந்நாட்டு மக்களின் உள்ளத்தை அறிய விரும்புவோர், ஜூன் மாதம் தொடங்கிச் செப்டம்பர் முதல் வாரம் வரையில் அங்குள்ள சிற்றூர்களில் நடைபெறும் விழாக்களைப் பற்றிச் சிறிதேனும் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். அவற்றுள் சிலவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இவ்விழாக்கள் கோடையிலேயே மிகுதியாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. தென் இத்தாலியில் கோதுமை அறுவடை ஜூன் மாதத்தில் தொடங்கும். திராட்சை பறிக்கும் காலமோ செப்டம்பரில்தான் வரும். இடைப்பட்ட நாட்களில் உழவனுக்குச் சற்று ஓய்வும், களஞ்சியத்தில் தானியமும் இருக்கும். வெயில் கடுமையானதால் பகலில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள், மாலையில் தெருவுக்கு வருவார்கள். அகஸ்துஸ் சக்கரவர்த்தி இதனை உணர்ந்தே கி.மு. 18-ஆம் ஆண்டில் தம் பெயரால் ஓய்வுத் திருநாட்களை ஏற்படுத்தினார் என்பர். இன்றும் ஆகஸ்டு 15-ஆம் நாள் 'ஃபெர்ராகோஸ்தோ' என்ற பெயருடன் அந்நாடெங்கும் விடுமுறையாகக் கொண்டாடப்படுகிறது. தேவமாதா விண்ணேற்புத் திருநாளும் அதே தினத்தில் அமைந்துவிட்டது.

இன்னொரு செய்தியையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இத்தாலி ஒரே அரசாக இணைந்தது 1861-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பல நூற்றாண்டுகள், ஊருக்கு ஊர் தனி ஆட்சி, தனி நாணயம், தனிப் பகை என்றே வாழ்ந்து வந்தனர். மாதா கோவிலின் மணிக்கோபுரத்துக்கு இத்தாலிய மொழியில் 'கம்பனீலே' என்று பெயர். அந்தக் கோபுரத்தின் மீது கொண்ட பற்றை, அதாவது சொந்த ஊர்ப் பற்றை, 'கம்பனிலிஸ்மோ' என்கின்றனர். நாட்டுப் பற்றினும் இது மூத்தது. இதனை மனத்திற் கொண்டால்தான், நான் சொல்லப்போகும் விழாக்களில் மக்கள் படும் பாட்டுக்குப் பொருள் விளங்கும்.

நேப்பிள்ஸ் நகருக்கு அருகே, கம்பானியாச் சமவெளியில் நோலா என்றோர் ஊர் உள்ளது. மேலே சொன்ன அகஸ்துஸ் சக்கரவர்த்தி கி.பி. 14-இல் உயிர் நீத்தது இவ்வூரில்தான். தத்துவ ஞானி ஜொர்தானோ புரூனோ 1548-இல் பிறந்ததும் இங்கேதான். ஆனால் ஊர் மக்களிடம் கேட்டால் இவ்விருவரையும் முதலில் சொல்லமாட்டார்கள். புனித பவுலினார் பெயரையே சொல்வார்கள். பவுலினார் இன்றைய பிரான்ஸ் தேசத்துப் போர்தோ நகரில் பெருஞ்செல்வக் குடியில் பிறந்து, உரோம ஆட்சியில் கம்பானியாவின் ஆளுநராகவும் இருந்து, பின்னர் உடைமைகளையெல்லாம் துறந்து நோலாவின் ஆயரானவர். கி.பி. 431-இல் மறைந்தார்.

அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. வாண்டல் என்னும் முரட்டு இனத்தார் ஊரைச் சூறையாடி, ஆட்களைச் சிறைபிடித்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். ஒரு கைம்பெண்ணின் மகனும் அவர்களுள் ஒருவன். அவனை மீட்கக் கையில் பொருளில்லாத பவுலினார், அவனுக்குப் பதிலாகத் தாமே அடிமையாகச் சென்று, வாண்டல் மன்னனுடைய மருமகனிடம் தோட்டக்காரராக வேலை செய்தார். இவர் யாரென்று தெரிந்ததும், ஊரார் அனைவரையும் அவருடன் விடுதலை செய்து கப்பலேற்றி அனுப்பினர். திரும்பி வந்தவரை மக்கள் மலர்களேந்தி எதிர்கொண்டனராம்.

வரலாறு பயிலும் மாணவர் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வாண்டல்கள் இத்தாலிக்குள் புகுந்து உரோமாபுரியைக் கொள்ளையிட்டது 455-இல். பவுலினார் மறைந்ததோ அதற்கு 24 ஆண்டுகள் முன்னர். அவர் காலத்தில் இத்தாலியைத் தாக்கியவர்கள் 410-இல் வந்த விசிகோத் இனத்தார். கதையை எழுதிவைத்த போப்பாண்டவர் முதலாம் கிரகோரியார் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்தவர். ஆகவே கதை அப்படியே நடந்திருக்க இடமில்லை. ஆனால் நோலா மக்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை; போட்டாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பிறன் மகனுக்காகத் தன்னை விற்றுக்கொண்ட ஒருவர் தங்கள் ஊருக்கு உரியவர் என்பதே அவர்களுக்கு முக்கியம்.

அன்று கொண்டுவந்த மலர்கள் லில்லி என்பது மரபு. இத்தாலிய மொழியில் லில்லிக்கு 'ஜீலியோ' என்று பெயர். மலர்ச் செண்டு கழியாயிற்று, கழி தூணாயிற்று, தூண் வளர்ந்து வளர்ந்து, இன்று 25 மீட்டர் உயரமும் இரண்டரை டன்னுக்குக் குறையாத எடையும் கொண்ட மரக் கோபுரமாகிவிட்டது. அதன் முகப்பு முழுவதும் காகிதக்கூழால் செய்த சிற்பங்கள். இப்படிப்பட்ட கோபுரங்கள் எட்டு; அவற்றுடன் பவுலினார் வந்த கப்பலை நினைவூட்டும் ஒரு படகு. ஜூன் 22-ஆம் நாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் இவ்வொன்பதும் பழைய நகரத்தின் குறுகலான தெருக்களில் வலம் வருகின்றன. சக்கரம் கிடையாது. நூற்றுக்கு மேற்பட்ட ஆடவர் தோளில் சுமந்தே செல்கின்றனர். அடித்தளத்தில் ஒரு வாத்தியக் கோஷ்டியும் அமர்ந்திருக்கும். அந்தப் பாரமும் அவர்கள் தோளில்தான்! தலைவன் குரல் கொடுக்க, இசைக்கேற்ப அவர்கள் காலெடுத்து வைப்பதால் கோபுரம் ஆடியசைந்து செல்லும். சுமப்போருக்கு 'குல்லத்தோரி' என்று பெயர்; தொட்டில் ஆட்டுவோர் என்று அதற்குப் பொருள் கொள்வர். ஞாயிறன்று தொடங்கிய ஊர்வலம் மறுநாள் காலைதான் முடியும். ஆண்டுக் கணக்கில் சுமந்தவர்களின் பிடரியிலும் தோளிலும் காய்ப்புக் கட்டி மேடிட்டிருக்கும். அதனை அவர்கள் மறைப்பதில்லை, பெருமையுடன் காட்டுகின்றனர்.

எட்டுக் கோபுரங்கள் ஏன்? காய்கறித் தோட்டக்காரர், மளிகைக்காரர், மதுக்கடைக்காரர், ரொட்டி சுடுவோர், இறைச்சி வெட்டுவோர், செருப்புத் தைப்போர், கொல்லர், தையற்காரர் என்னும் எட்டுத் தொழிற்குழுவினர் ஆளுக்கொன்றாகச் செய்து காணிக்கையாக்கிய வழக்கத்திலிருந்து இவ்வெண்ணிக்கை வந்தது. அந்தப் பழைய தொழிற்குழுக்கள் இன்றில்லை. ஆயினும் கொல்லர் கோபுரம் கொல்லர் கோபுரமாகவே இருக்கிறது. அதைத் தூக்குபவர் வங்கி எழுத்தராகவோ, வேலை தேடும் பட்டதாரியாகவோ இருக்கலாம். தொழில் மறைந்தது, அத்தொழிலின் பெயரால் ஏற்றுக்கொண்ட கடமை மறையவில்லை. இவ்விழாக்கள் பிழைத்திருப்பதன் இரகசியம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. 'ஊரார் நடத்துவார்கள்' என்று விடப்பட்ட விழா நெடுநாள் நிலைப்பதில்லை. இன்ன மரத்தடியில் இன்னார் தோள் கொடுக்கவேண்டும் என்று வகுத்துவிட்டால், அந்த இடம் காலியாவதை எவரும் பொறுப்பதில்லை.

உரோமாபுரிக்கு வடக்கே வித்தெர்போ என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டில் இளம் வயதிலேயே இறந்த புனித ரோசா என்னும் பெண்ணின் உடலை, 1258-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் வேறு ஆலயத்துக்கு மாற்றினார்கள். அதன் நினைவாக, முந்திய நாள் இரவில் சுமார் 30 மீட்டர் உயரமும் 5 டன் எடையும் உள்ள ஒளிக் கோபுரமொன்றைச் சுமார் நூறு பேர் தூக்கி வருகின்றனர். தெரு விளக்குகளை அணைத்துவிடுவார்கள். இருளில், வீட்டுக் கூரைகளுக்கும் மேலே, எண்ணற்ற சுடர்களுடன் ஒரு கோபுரம் தானே நடந்து வருவதுபோல் தோன்றும்.

இதைச் சுமக்க விரும்புவோர் முதலில் ஒரு சோதனையில் தேறவேண்டும்: 150 கிலோகிராம் எடையைத் தூக்கிக்கொண்டு 90 மீட்டர் தூரம் இடையில் நிற்காமல் நடக்கவேண்டும். தேறியவர்கள் வெள்ளுடை உடுத்து, இடையில் செந்நிறக் கச்சை கட்டுவர். புறப்படுமுன் ஆயர் அவர்களுக்கு ஓர் ஆசி வழங்குகிறார். அது சாவின் விளிம்பில் இருப்போருக்கு வழங்கப்படும் ஆசி! வெறும் சடங்கென்று நினைக்க வேண்டாம். 1801-ஆம் ஆண்டில் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் பலர் மாண்டனர். போப்பாண்டவர் விழாவையே தடை செய்தார். 1810-இல்தான் அது மீண்டும் நடந்தது. இன்றும் ஒருவர் கால் இடறினால் நூறு பேருக்கும் ஆபத்து. அந்த ஒரு மணி நேரத்தில் வக்கீலும் கொத்தனாரும் ஒருவர் காலை ஒருவர் நம்பியே நடக்கின்றனர். கடைசியில் ஆலயத்துக்குச் செல்லும் ஏற்றத்தில் ஏறக்குறைய ஓட்டமாகவே ஏறுகிறார்கள். களைத்த கால்களுக்கு அதுதான் கடினமான கட்டம்.

சியேனா நகரத்துக் குதிரைப் பந்தயத்தைப் பற்றி உங்களிற் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆதலால் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்நகரம் 17 பேட்டைகளாகப் பிரிந்தது. அவற்றின் எல்லைகள் 1729-இல் வரையறுக்கப்பட்டன. ஜூலை 2, ஆகஸ்டு 16 ஆகிய இரு நாட்களிலும் பத்துப் பேட்டைகளின் குதிரைகள் நகரச் சதுக்கத்தை மும்முறை சுற்றி ஓடும். ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். சேணம் இல்லை, ஓட்டுபவர் விழுந்துவிட்டாலும் குதிரை முதலில் வந்தால் வெற்றிதான். பரிசு பணமன்று, சித்திரம் தீட்டிய ஒரு பட்டுக்கொடி. குழந்தை பிறந்தால் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறுவதோடு, பேட்டையின் நீரூற்றிலும் அதற்கு ஒரு முறை நீர் தெளித்துப் பேட்டையின் உறுப்பினராக்குவர். ஆனால் வளைவுகளில் குதிரைகள் விழுந்து மாண்டதுண்டு. விலங்குகளிடம் பரிவு கொண்டோர் எழுப்பும் கண்டனத்தை, வெளியூராரின் அறியாமை என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. தோள் வலி தாங்குவேன் என்று மனிதன் தானே முன்வருவது வேறு. குதிரையிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை.

உம்பிரியா மாநிலத்தில், சுபாசியோ மலைச் சரிவிலுள்ள ஸ்பெல்லோ இன்னும் சிறிய ஊர். நற்கருணைத் திருநாளுக்கு முந்திய இரவு முழுவதும் அவ்வூரார் கண் விழித்துத் தெருக்களில் மலரிதழ்களால் ஓவியம் வரைகின்றனர். வாரக் கணக்கில் மலையில் அலைந்து பூப்பறித்து, இதழ்களை நிறம் நிறமாகப் பிரித்துவைப்பதில் பாட்டிமாரும் சிறுவரும் பங்கு கொள்கிறார்கள். செயற்கைச் சாயம் கூடாது. பூவும் இலையும் விதையுமே நிறங்கள். பொழுது விடிந்து சில மணி நேரம் கழித்து நற்கருணைப் பவனி அவ்வோவியங்களின் மீதே நடந்து செல்கிறது. இரவெல்லாம் குனிந்து செய்த வேலை காலடியில் கலைந்துவிடும். அதற்காகத்தான் அதைச் செய்தார்கள்.

இவையெல்லாம் குறையற்றவை என்று சொல்வதற்கில்லை. 2014-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், தெற்கே கலாப்ரியாவிலுள்ள ஒப்பிதோ மமெர்தீனா என்னும் சிற்றூரில் தேவமாதா சுரூபத்தைத் தூக்கிச் சென்றவர்கள், கொள்ளைக் கூட்டத் தலைவன் ஒருவன் வீட்டெதிரே சற்று நின்று, சுரூபத்தை வணங்குவதுபோல் தாழ்த்தினர். உடன் வந்த காவல்துறை அதிகாரி அக்கணமே ஊர்வலத்தை விட்டு விலகிச் சென்றார். அவ்வட்டாரத்து ஆயர், தம் மறைமாவட்டத்தில் பவனிகளையே நிறுத்திவைத்தார். தோள் கொடுக்கும் உரிமை யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் ஊரின் மானமும் இருக்கிறது.

மற்றோர் ஆபத்து சத்தமின்றி வருவது. 1876 முதல் 1915 வரையில் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடியே நாற்பது இலட்சம் இத்தாலியர் பிழைப்புத் தேடி வெளிநாடு சென்றனர். பின்னரும் மலையூர்களிலிருந்து இளைஞர்கள் மிலான், தூரின் முதலிய தொழில் நகரங்களுக்கும், ஜெர்மனிக்கும் போய்க்கொண்டே இருந்தார்கள். குளிர்காலத்தில் கிழவர்கள் மட்டுமே இருக்கும் ஊர்கள் அங்கே பல. பிள்ளைகள் வருவது ஆகஸ்டு விடுமுறையில்தான். அதனால் பனிக்காலத்துப் புனிதரின் திருநாளையும் ஆகஸ்டுக்கு மாற்றிக் கொண்டாடும் ஊர்கள் உண்டு. நோலா, வித்தெர்போ ஆகிய ஊர்களின் விழாக்களையும், தெற்கிலுள்ள பால்மி, சார்தீனியாத் தீவிலுள்ள சாஸ்ஸரி ஆகியவற்றின் விழாக்களையும் சேர்த்து 2013-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பட்டியலில் பெயர் ஏறுவது நல்லதே. ஆனால் பட்டியல் கோபுரத்தைத் தூக்காது. பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய ஈராண்டும் வித்தெர்போவின் ஒளிக் கோபுரம் புறப்படவில்லை. சியேனாவில் பந்தயமும் ஓடவில்லை. 2022-இல் இரண்டும் மீண்டும் நடந்தன.

ஊரை விட்டுச் சென்றவர்கள் விழாவை விட்டுச் செல்லவில்லை என்பதற்கு நோலாவே சான்று. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் குடியேறிய நோலா மக்கள், 1903-ஆம் ஆண்டில் அங்கேயே ஒரு 'ஜீலியோ' தூக்கத் தொடங்கினர். ஒவ்வொரு ஜூலை மாதத்திலும் கார்மேல் மாதா ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், ஏறத்தாழ 70 அடி உயரக் கோபுரமும் படகும் வாத்தியக் கோஷ்டியைச் சுமந்துகொண்டு நடக்கின்றன. தூக்குவோரிற் பலர் நோலாவைக் கண்ணால் கண்டதில்லை. சிலருக்கு இத்தாலிய மொழியே தெரியாது. பழைய கதையிலிருந்த வாண்டல் கடல் தாண்டியதில் துருக்கியனாகிவிட்டான்; தலைப்பாகையுடன் வாளேந்திப் படகில் நிற்கும் அந்த வேடம் தமக்குக் கிடைக்காதா என்று பாட்டனார் காலத்திலிருந்து காத்திருக்கும் குடும்பங்கள் அத்தெருக்களில் இருக்கின்றன.