முறிந்த முதுகும் மலைச் சைக்கிளும்: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

முதுகெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து எழுந்த ஒருவருக்கு மறுபடியும் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்ட ஆசை வருகிறது. மருத்துவரிடம் கேட்டால், "பார்த்து ஓட்டுங்க" என்கிறார். கடையில் கேட்டால், "டபுள் ஷாக்கர் இருக்கு சார், குலுங்கவே குலுங்காது" என்கிறார்கள். முதல் பதிலில் எந்த வண்டி, எந்தப் பாதை என்பது இல்லை. இரண்டாவது பதில் பல நேரம் உண்மையே இல்லை. இவை இரண்டை மட்டும் நம்பி யாரும் பணத்தை எடுத்து நீட்ட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மருத்துவரிடம் "சைக்கிள் ஓட்டலாமா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். அவர் மனதில் தெருமுனைக் கடைக்குப் போய்வரும் சைக்கிள்தான் இருக்கும். கல்லும் வேரும் கிடக்கும் மண்பாதை, ஓரடி உயரப் படியிலிருந்து இறங்கும் அதிர்ச்சி, இரண்டு மணி நேரம் குனிந்திருக்கும் நிலை, கீழே விழும் வாய்ப்பு என்று எல்லாவற்றையும் விவரித்துக் கேளுங்கள். எலும்பு கூடிவிட்டதா என்பதை எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சாதாரண முறிவு கூடப் பொதுவாக மூன்று மாதமாவது பிடிக்கும். ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து எலும்புகளை ஒன்றாகச் சேர்த்திருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். வலி போய்விட்டதை வைத்து எலும்பு கூடிவிட்டது என்று நாமே முடிவு செய்யக் கூடாது.

விலா எலும்புகள் முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில்தான் முதுகு அதிகம் முறிகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் டி12, எல்1 என்று எழுதியிருப்பார்கள். விறைப்பான மேல் முதுகும் வளையும் கீழ் முதுகும் அங்கேதான் சந்திக்கின்றன. கம்பி வைத்துச் சேர்த்த எலும்புகள் இனி அசையாது. அவை செய்த வேலையை அவற்றுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் சேர்த்துச் செய்தாக வேண்டும். அந்த மூட்டுகளின் நிலை என்ன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வழுக்கி உட்கார்ந்ததிலேயே எலும்பு முறிந்தது என்றால், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனை செய்து முடிக்கும்வரை கடைப் பக்கமே போக வேண்டாம். சிகிச்சை ஆவணங்கள் கையில் இல்லையென்றால் மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதி.

இனி வண்டி. பாதையின் அடி முதுகுக்கு எந்த வழியாக வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், எந்த விற்பனையாளரும் உங்களை ஏமாற்ற முடியாது. உட்கார்ந்திருக்கும்போது சீட்டிலிருந்து நேராக இடுப்பெலும்பு வழியே முதுகுக்கு ஏறுகிறது. உட்கார்ந்த மனித உடல் செங்குத்தாக நொடிக்கு 4 முதல் 8 முறை குலுக்கப்படும்போது முதுகெலும்பு அந்தக் குலுக்கலைப் பெருக்கிவிடும். டிராக்டர், லாரி ஓட்டுநர்களின் முதுகுவலி பற்றிய ஆய்வுகளில் இது அடிக்கடி பேசப்படுகிறது. பெடலில் எழுந்து நின்றால் முழங்காலும் இடுப்பும் மடிந்து கொடுத்து அடியில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். அதனால் கரடுமுரடான இடத்தில் உட்காரவே கூடாது. ஆனால் வளையாத முதுகோடு இடுப்பை மட்டும் மடக்கி நிற்க முதுகுத் தசைக்கு வலு வேண்டும். அந்த நிலையில் சில நிமிடங்கள் நிற்க முடிகிறதா என்பதை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து பாருங்கள். முடியவில்லையென்றால் இன்னும் சில மாதப் பயிற்சிக்குச் செலவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

குனிவு அடுத்த பிரச்சினை. 1960களில் ஸ்வீடன் அறுவை மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் உயிருள்ள மனிதர்களின் இடுப்பு டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்பதைவிட முன்குனிந்து உட்காரும்போது அழுத்தம் கூடியதை அவர் காட்டினார். வேகத்துக்காகச் செய்த பந்தய வகை மலைச் சைக்கிள்களில் ஹேண்டில்பார் தாழ்வாகவும் எட்டமாகவும் இருக்கும். அவற்றைத் தவிருங்கள். ஃப்ரேம் அளவு அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும். ஸ்டாக் என்பது முன்பக்கத்தின் உயரம். ரீச் என்பது கை எவ்வளவு எட்ட வேண்டும் என்பது. உங்களுக்குப் பொருந்தும் அளவுகளில் ஸ்டாக் கூடியதும் ரீச் குறைந்ததுமான வண்டியைத் தேடுங்கள். மீதி வித்தியாசத்தை மேல்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் அதை வண்டியோடு இணைக்கும், 35 முதல் 50 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டை ஸ்டெம்மும் சரிக்கட்டும். இவை பெரிய செலவும் இல்லை.

இப்போது அந்த 'டபுள் ஷாக்கர்'. நல்ல ஷாக்கரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் அல்லது அடைத்த காற்று அடியை வாங்குகிறது. உள்ளே நுண்துளைகள் வழியாக நகரும் எண்ணெய், அமுங்கிய ஸ்பிரிங் சட்டென்று எகிறாமல் மெல்லத் திரும்பச் செய்கிறது. பத்து, பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் டபுள் ஷாக்கர் சைக்கிள்களில் பின்னால் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங் மட்டுமே இருக்கும். கல்லில் ஏறியதும் அமுங்கும், அடுத்த கணம் சீட்டோடு சேர்த்து ஓட்டுகிறவரை மேலே தூக்கி எறியும். நல்ல முதுகுக்கு அது வெறும் எரிச்சல். கம்பி வைத்த முதுகுக்கு அது ஒவ்வொரு கல்லிலும் இரண்டாவது அடி. கடையிலேயே இதைச் சோதிக்கலாம். சீட்டைக் கையால் பலமாக அமுக்கி விடுங்கள். அதே வேகத்தில் துள்ளி எழுந்து ஆடினால் எண்ணெய்க் கட்டுப்பாடு இல்லை. மெல்ல எழுந்து நின்றால் இருக்கிறது. இன்னொன்றும் பாருங்கள்: ஓட்டுகிறவரின் எடைக்கேற்பக் காற்றழுத்தத்தையோ திரும்பும் வேகத்தையோ மாற்றும் வசதி ஏதும் இருக்கிறதா?

உண்மையான முழு சஸ்பென்ஷன் வண்டிகள் நம் ஊரில் ஒரு லட்சத்தைத் தாண்டித்தான் கிடைக்கின்றன. அது எட்டவில்லையென்றால், மலிவான டபுள் ஷாக்கரை விட்டுவிட்டு, முன்னால் மட்டும் தரமான ஷாக்கர் ஃபோர்க் உள்ள வண்டியை வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. மிச்சப் பணத்தை அகலமான டயருக்குப் போடுங்கள். 2.4 அங்குல அகல டயரை ட்யூப் இல்லாமல் மாட்டினால் இருபது சொச்சம் பி.எஸ்.ஐ. காற்று போதும். நாற்பது பி.எஸ்.ஐ. அடித்துக் கல்லாக்கிய டயரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் முதல் நாளே முதுகுக்குத் தெரியும். சீட்டுக்கு அடியில் வைக்கும் சஸ்பென்ஷன் போஸ்ட்டும் உதவும். முழு சஸ்பென்ஷன் வாங்க முடிந்தவர்களுக்கு 120 முதல் 140 மில்லிமீட்டர் அசைவுள்ள டிரெயில் வகை போதும். 160க்கு மேல் போனால் வண்டி கனக்கும். அதோடு, பெரிய பாறையில் இறங்கிப் பார்க்கும் துணிச்சலையும் அது தரும். அந்தத் துணிச்சல் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

ட்ராப்பர் போஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஹேண்டில்பாரில் ஒரு லீவரை அழுத்தினால் சீட் கீழே இறங்கும். காலை உயரத் தூக்கி ஏற முடியாதவர்களுக்கும், இறக்கத்தில் எழுந்து நிற்க வேண்டியவர்களுக்கும் இதைவிடப் பயனுள்ள பாகம் வேறில்லை. மோட்டார் உதவியுள்ள மலைச் சைக்கிளும் நல்ல யோசனைதான். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் குறைவான பெடல் வண்டிக்கு இந்தியாவில் பதிவோ லைசென்ஸோ தேவையில்லை. ஆனால் எடை 20 முதல் 25 கிலோ. காரின் மேல் அதைத் தூக்கி வைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் முதுகு பாதையில் படாத பாடு படும். மாடி வீட்டில் இருப்பவர்கள் படிக்கட்டையும் நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்து, ஃப்ரேமின் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ வண்டியின் பயன்பாட்டு வகையைப் பாருங்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப்2043 என்ற அமெரிக்கத் தரநிலை சைக்கிள்களைப் பயன்பாட்டு வகைகளாகப் பிரிக்கிறது. முதல் வகை தார்ச்சாலைக்கு. இரண்டாவது சரளைப் பாதைக்கும் 15 சென்டிமீட்டருக்குள்ளான இறக்கத்துக்கும். மூன்றாவது கரடுமுரடான பாதைக்கும் 61 சென்டிமீட்டருக்குள்ளான இறக்கத்துக்கும். அதற்கு மேலே உள்ள இரண்டும் பெரிய தாவல்களுக்கானவை. 'எம்.டி.பி.', அதாவது மலைச் சைக்கிள், என்று பெரிதாக எழுதி விற்கும் சில வண்டிகளின் கையேட்டில், மலைப்பாதைக்கு ஏற்றதல்ல என்று சின்ன எழுத்தில் இருக்கும். பணம் கொடுக்கும் முன் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இந்தச் சின்ன எழுத்துக்கும் உங்கள் சட்ட உரிமைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. குறையுள்ள ஃப்ரேமோ ஃபோர்க்கோ உடைந்து காயம் பட்டால் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும். வண்டியைப் பூட்டிக் கொடுப்பதில், சோதிப்பதில் தேவையான கவனம் காட்டாவிட்டாலோ, தயாரிப்பாளரின் எச்சரிக்கைகளை உங்களுக்குச் சொல்லாவிட்டாலோ, அதனால் நேர்ந்த காயத்துக்கு விற்றவரும் பொறுப்பு என்கிறது 86ஆம் பிரிவு. ஆன்லைனில் பெட்டியில் வரும் வண்டியை வீட்டிலேயே பூட்டிக்கொள்கிறவர்கள் இந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதியைத் தாமே இழக்கிறார்கள். வண்டியைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றியமைத்தாலோ விற்றவர் மேல் வழக்கு நிற்காது என்பது 87ஆம் பிரிவு. சரளைப் பாதைக்கான வண்டியைப் பாறையில் இறக்கி உடைத்துவிட்டு நியாயம் கேட்பது கடினம்.

அதனால் வாங்கும் முன்பே கடைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: "எனக்கு முதுகெலும்பில் அறுவை நடந்திருக்கிறது, இந்த மாதிரிப் பாதையில் ஓட்டப் போகிறேன், இந்த வண்டி பொருந்துமா?" வருகிற பதிலை அழிக்காமல் வையுங்கள். முழு விவரத்தோடு பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தாலும் மிரள வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். ஆனால் அளவு பொருந்தாதது குறை ஆகாது. அதற்காகத்தான் வாங்கும் முன்பே அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு மட்டும் என்றால் வேறு கடை பாருங்கள்.

ஏதாவது உடைந்தால் உடைந்த பாகத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். படம் எடுங்கள், பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டி எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அடுத்து காப்பீடு. மருத்துவக் காப்பீட்டில் பழைய அறுவையை மறைக்கவே மறைக்காதீர்கள். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம்தான். விபத்துக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுக்கு விலக்கு உண்டு. மலைச் சைக்கிள் அதில் சேருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

காலில் வலுக்குறைவு தங்கிவிட்டவர்களுக்கு மூன்று சக்கர மலைச் சைக்கிள்களும் கையால் சுற்றும் சைக்கிள்களும் உலகில் இருக்கின்றன. விளையாட்டில் சம வாய்ப்பு என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் வேலூர் சி.எம்.சி.யில் உருவாக்கிய மறுவாழ்வு மையம் 1966 முதல் இயங்குகிறது. காலில் வலுக்குறைவு உள்ளவர்கள் வண்டி தேடும் முன் இப்படியொரு மையத்தின் ஆலோசனையைப் பெறுவது நல்லது.

ஓட்டத் தொடங்கிய பிறகு முதுகு வலிப்பது எதிர்பார்க்கக் கூடியது. மறுநாள் தணிந்தால் தூரத்தைக் குறைத்துத் தொடரலாம். ஆனால் தொடையின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் போக முடியாமலோ அடக்க முடியாமலோ ஆவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் அது அவசரநிலை. சீட் அழுத்திய மரப்பு இறங்கி நடந்தால் சில நிமிடத்தில் போய்விடும், இது போகாது. விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் உள்ள நரம்புக்கொத்து நசுங்கினால் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் நிரந்தர ஊனத்துக்கு இட்டுச் செல்லலாம்.

கடைசியாக, பாதை. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். தனியாகப் போய் விழுந்தால் ஆம்புலன்ஸ் வரும் பாதையும் இருக்காது. அனுமதியுள்ள பாதையில், துணையோடு போங்கள். விழுந்தால் கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது என்றும், கழுத்தும் முதுகும் அசையாமல் படுக்கவிட்டு 108க்கு அழைக்க வேண்டும் என்றும் அந்தத் துணைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கம்பி எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை இருக்கிறது என்பதைக் காட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியின் படம் அவருடைய போனிலும் இருக்க வேண்டும்.