பழைய காரின் நோயறிதல்

சிங்கப்பூரில் 1990-இல் ஒதுக்கீட்டு முறை வந்தபின், பத்தாண்டு கடந்த காரை ஓட்ட உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்தல் வேண்டும். சாலை வரியும் கூடும். ஆண்டுதோறும் சோதனையும் உண்டு. இவற்றின்மேல் வீண்செலவும் சேர்வது கொடுமையன்றோ? அவ்வீண்செலவுகளுள் தலையாயது, குற்றமற்ற பாட்டரியை மாற்றுதல்.

செங்காங்கில் 2003-இல் ரயில் வந்தது. வாரமெல்லாம் ரயிலேறிவிட்டு ஞாயிறன்று சாவியைத் திருப்புவோருக்கு, 'டக்' என்றோர் ஒலியே விடையாகக் கிடைப்பதுண்டு. உடனே பாட்டரியைப் பழித்தல் வேண்டா. வோல்ட்மானியால் அளக்க: ஓய்வில் 12.6 வோல்ட் இருப்பின் நிறைவு. சாவி திருப்புகையிலும் 10 வோல்ட்டுக்குக் குறையாதாயின் பாட்டரி நல்லதே.

பின் ஏன் ஸ்டார்ட்டர் திணறுகிறது? மானியின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றதை எஞ்சினின் வெற்றிரும்பிலும் வைத்து, கியரை விடுவித்து, மற்றொருவரைச் சாவி திருப்பச் சொல்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் 'எர்த்' பட்டையிலோ அதன் இணைப்பிலோ துருவேறியுள்ளது. (இதனைப் புவியிணைப்பு என்பர். ரப்பர்ச் சக்கரத்தில் நிற்கும் காருக்குப் புவியேது? உடலிணைப்பு எனலே பொருந்தும்.) ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கையில், நூற்றிலொரு பங்கு ஓம் தடையே 2 வோல்ட்டை விழுங்கிவிடும். மின்னோட்டம் இல்லாதபோதோ அத்தடை தன்னைக் காட்டாது. வண்டி உறங்குகையில் மட்டும் அளப்போர் ஏமாறுவது இதனாலேயே.

ஸ்டார்ட்டர் வீறுடன் சுழன்றும் எஞ்சின் பற்றாதாயின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் பொறியில் குறை. உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. சூட்டில் நின்று, ஆறியபின் தானே பற்றும் காரில் பொறி தரும் காயிலை முதலில் ஐயுறலாம். வெப்பத்தில் அதனுள் விரியும் பிளவு, பட்டறை சேருமுன் மூடிக்கொண்டுவிடும்.