மென்பொருளின் வேலைப் பதிவேடு



2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. கரும்பலகையையும் சுண்ணக்கட்டியையும் நம்பி வாழ்ந்த ஆசிரியர் பலர், கைப்பேசித் திரையின் முன் அமர்ந்து பாடம் சொல்லத் தலைப்பட்டனர். எந்த மென்பொருளைக் கைக்கொள்வது என்று ஆராய அன்று எவருக்கும் நேரமில்லை. அடுத்த பள்ளி எதைப் பயன்படுத்தியதோ அதையே எடுத்துக்கொண்டோம். எங்கள் சுரண்டை வட்டாரத்துப் பள்ளி ஒன்று, பெயர் வேண்டா, இரண்டு மாதப் பாடங்களை ஒரு மென்பொருளில் பதிவு செய்து வைத்திருந்தது. அதனை ஆக்கியோர் பின்னர் அத்தொழிலையே கைவிட்டனர். பதிவுகள் இருந்தன; அவற்றைத் திறக்கும் கருவி இல்லை. பூட்டு இருக்கச் சாவி தொலைந்த கதையாயிற்று.

ஒரு மென்பொருள் உயிரோடு இருக்கின்றதா, நாளையும் இருக்குமா என்பதை முன்கூட்டியே அறிய வழியுண்டா? ஓரளவு உண்டு. அதன் வளர்ச்சிப் பணி எவ்வாறு நடைபெறுகின்றது என்று நோக்குவதே அவ்வழி.

முதலில் இரண்டு வகைகளைப் பிரித்து அறிதல் வேண்டும். காணொலிக் கூட்டம் என்பது உரையாடல். ஒருவர் பேசியது மற்றவர் செவியை 150 மில்லி வினாடிக்குள் எட்டினால்தான் பேச்சு இயல்பாக ஓடும். ஒளிபரப்பு ஓடை, அதாவது ஸ்ட்ரீமிங் என்பது சொற்பொழிவு போன்றது. பேசுபவர் ஒருவர், கேட்போர் பல்லாயிரவர். அங்கே சில வினாடி தாமதமானாலும் குறையில்லை. ஆகவே படத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகின்றனர்.

கூட்டத்தின் இடர்ப்பாடு வேறு. ஒரு வகுப்பில் முப்பது பேர் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் தம் படத்தை மற்றவர்க்கெல்லாம் நேரே அனுப்புவதாயின், ஒவ்வொருவரும் இருபத்தொன்பது படிகள் அனுப்ப வேண்டும். நம் ஊர் இணைப்பு அதைத் தாங்குமா? ஜிட்சி போன்ற மென்பொருள்களில் நடுவே ஒரு சர்வர் நிற்கின்றது. ஒவ்வொருவரும் அதற்கு ஒரு படி அனுப்பினால் போதும். யாருக்கு எது தேவையோ அதை அது பகிர்ந்து கொடுத்துவிடும். அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர் செய்யும் வேலைதான்.

இனிப் பதிவேட்டிற்கு வருவோம். மென்பொருளின் மூல நிரலை யாவரும் காணத் திறந்து வைத்திருப்போர், தாம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கின்றனர். இதற்குப் பெரிதும் பயன்படும் கிட் என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் ஆக்கினார். யார் மாற்றினார், என்று மாற்றினார், எந்த வரியை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பன எல்லாம் அதில் பதிவாகும். இந்தப் பதிவு ஒவ்வொன்றையும் கமிட் என்பர். ஓராண்டில் எத்தனை கமிட்டுகள், எத்தனை பேர் எழுதினர், எத்தனை பதிப்புகள் வெளிவந்தன என்று எண்ணி, இரண்டு மென்பொருள்களை அருகருகே வைத்து ஒப்பிடலாம்.

முப்பதாண்டுக்கு மேல் ஆசிரியர்களின் பாடக் குறிப்பேட்டில் கையொப்பமிட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். குறிப்பேடு தடிமனாக இருந்தவர் வகுப்பில் எல்லாம் நல்ல பாடம் நடந்ததில்லை. ஆயினும் குறிப்பேடே இல்லாதவரை நான் நம்பியதுமில்லை.

ஜிட்சியை எடுத்துக்கொள்வோம். 2003-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த எமில் இவோவ் என்பவர் தொடங்கிய பணி அது. 2015-ல் அட்லாசியன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2018-ல் எய்ட் பை எய்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. உரிமையாளர் இருமுறை மாறியும் நிரல் திறந்தபடியே இருந்தது, வேலையும் நிற்கவில்லை. பிக் புளூ பட்டன் என்பது மற்றொன்று. கனடா நாட்டுக் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007-ல் வகுப்பறைக்கென்றே தோன்றியது. தொடக்கத்தில் அது அடோபி ஃப்ளாஷ் என்னும் தொழில்நுட்பத்தின்மீது நின்றது. ஃப்ளாஷின் ஆயுள் 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிந்தது. அதற்கு முன்னரே அதன் ஆக்குநர் பயனர் முகப்பை வேறு முறையில் திரும்ப எழுதத் தொடங்கியிருந்தனர். குடியிருந்துகொண்டே வீட்டின் அடித்தளத்தை மாற்றுவதற்கு ஒப்பான வேலை அது. பதிவேடு உயிரோடு இருந்தால் என்ன பயன் என்று கேட்போர்க்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எண்ணிக்கை நம்மை ஏமாற்றவும் செய்யும். ஜிட்சி ஒரே நிரல் தொகுதியன்று. முகப்பு ஒரு களஞ்சியத்திலும், படங்களைப் பகிரும் சர்வர் மற்றொரு களஞ்சியத்திலும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு வேலை குறைவு என்று சொல்லுதல் தகாது. ஒளிபரப்புக்கு உதவும் ஓபிஎஸ், படம் பார்க்க உதவும் விஎல்சி ஆகிய இரண்டும், ஃபாப்ரிஸ் பெலார் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்னும் அடித்தள நிரலைப் பயன்கொள்கின்றன. அங்கே ஒரு பிழை திருத்தப்பட்டால் இங்கே இரண்டும் நலம் பெறும். இவற்றின் கணக்கிலோ அவ்வுழைப்பு ஏறாது. பதிப்பு எண்ணை நம்புவதும் பிழையே. விஎல்சியின் 3.0 பதிப்பு 2018 பிப்ரவரியில் வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் புதிய முதன்மைப் பதிப்பு வரவில்லை. சோம்பிவிட்டனர் என்று எண்ண வேண்டா. திருத்தப் பதிப்புகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.

விஎல்சியைப் பற்றி இடையே ஒரு செய்தி. அதன் இணையத்தளம் 2022 பிப்ரவரி முதல் நவம்பர் வரை இந்தியாவில் தடைப்பட்டிருந்தது. ஆக்குநர் அங்கே உழைத்துக்கொண்டுதான் இருந்தனர். நமக்கோ நேர்வழி அடைபட்டிருந்தது. பதிவேட்டில் இதுவும் தெரியாது.

ஜூம் நிறுவனத்தின் வரலாறு வேறொரு பாடம் தருகின்றது. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த அதன் கூட்டப் பங்கேற்பு, 2020 மார்ச்சில் இருபது கோடியாயிற்று. அழையா விருந்தினர் வகுப்புகளில் நுழைந்து தொல்லை விளைத்தனர். நம் உள்துறை அமைச்சகமும் ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்தது. அம்மாதத் தொடக்கத்தில் அந்நிறுவனத் தலைவர் எரிக் யுவான், தொண்ணூறு நாள் புதிய வசதி எதுவும் சேர்ப்பதில்லை என்றும், பொறியாளர் அனைவரும் பாதுகாப்புப் பணியிலேயே ஈடுபடுவர் என்றும் அறிவித்தார். புதிய வசதிகளை மட்டும் எண்ணுவோனுக்கு அந்தத் தொண்ணூறு நாளும் வெறுமையாகத் தோன்றும். உண்மையில் அந்நிறுவனத்தின் மிகத் தேவையான வேலை அப்போதுதான் நடந்தது.

பராமரிப்பின் அருமையை நம் அரசும் உணர்ந்திருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய மின்னணு அமைச்சகம் உள்நாட்டுக் காணொலிக் கூட்ட மென்பொருளுக்கெனப் போட்டி ஒன்றை அறிவித்தது. ஆகஸ்டில், கேரளத்து ஆலப்புழையைச் சேர்ந்த டெக்ஜென்சியா நிறுவனத்தின் விகான்சோல் வென்றது. ஒரு கோடி ரூபாய் உதவியோடு, மூன்றாண்டுகளுக்கு ஆண்டுதோறும் பத்து லட்சம் ரூபாய் பராமரிப்புக்கெனத் தனியே ஒதுக்கினர். கட்டுவதற்கு ஒரு பணம், காப்பதற்கு ஒரு பணம்.

இனி நம் வாயிலுக்கு அருகே வருவோம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோகோ நிறுவனம் 2011-ல் சிறு அலுவலகமாகத் தொடங்கியதை இவ்வட்டாரத்தார் அறிவர். வயல்களுக்கு நடுவே அமர்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுத இயலும் என்பதை நம் பிள்ளைகள் கண்ணாரக் கண்டது அங்கேதான். அந்நிறுவனத்தின் ஸோகோ மீட்டிங் என்பதும் காணொலிக் கூட்ட மென்பொருளே. ஆனால் அதன் மூல நிரல் வெளியாருக்குத் திறந்ததன்று. ஆகவே அதன் கமிட்டுகளை நாம் எண்ண இயலாது. அதனையும் ஜிட்சியையும் ஒரே தராசில் நிறுத்தவும் முடியாது. நிறுவனம் வெளியிடும் பதிப்புக் குறிப்புகளையும், பாதுகாப்பு அறிவிப்புகளையும், முறையிட்டால் எத்தனை நாளில் விடை வருகின்றது என்பதையும் கொண்டே மதிப்பிட வேண்டும். மூடிய நிரல் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. அங்கே நாம் சான்றை நம்பாமல் ஆளை நம்புகின்றோம். நம்பத் தகுந்த ஆள்களும் உலகில் உண்டு. எனினும் ஸ்கைப்பை நினைவிற்கொள்க. 2003-ல் தோன்றி, 2011-ல் எண்ணூற்றைம்பது கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கிய அது, 2025 மே 5-ஆம் நாள் மூடப்பட்டது. அயல்நாட்டு மக்களோடு அதன்வழிப் பேசிவந்த பெற்றோர், வேறு வழி தேட நேர்ந்தது. நிரல் திறந்திருந்தால் வேறு எவரேனும் எடுத்து நடத்தியிருக்கக் கூடும். நடத்தியிருப்பர் என்று உறுதி கூற இயலாது.

கல்லூரி மாணவர் ஒரு சிறு பயிற்சி செய்து பார்க்கலாம். கிட்ஹப் தளத்தில் ஜிட்சி, பிக் புளூ பட்டன் இரண்டின் களஞ்சியங்களையும் திறந்து, கடைசியாக ஏறிய ஐம்பது பதிவுகளைப் படியுங்கள். மொத்த எண்ணிக்கையை அப்போதைக்கு மறந்துவிடுங்கள். பிழை ஒன்றை ஒருவர் முறையிட்ட நாளுக்கும் அது தீர்ந்த நாளுக்கும் இடைவெளி எவ்வளவு? ஐம்பதையும் ஒருவரே எழுதினாரா, பலர் எழுதினரா? ஒருவரேயாயின், அவர் நோயுற்றால் வேலை யாது ஆகும்? துணை நிரல்களின் பதிப்பு எண்ணை மாற்றும் பதிவுகளைத் தானியங்கி நிரல்களும் எழுதுவதுண்டு. அவற்றைத் தனியே பிரித்துவிட்டு, மனிதர் எழுதியவற்றிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.