சென்னையில் நீர்புகு தளங்கள்: அமைப்பும் அடிமண்ணின் பங்கும்

திறவுச்சொற்கள்: நீர்புகு தளம், மழைநீர் வழிவு, அடிமண், சென்னை.

முன்னுரை

நகரம் விரியுந்தோறும் மண்பரப்பு மூடப்படுகிறது. மண்ணில் இறங்க வேண்டிய மழைநீர் தார்ச்சாலைகளிலும் கான்கிரீட் தரைகளிலும் வழிந்தோடி, குறுகிய நேரத்தில் வடிகால்களை நிரப்புகிறது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எனினும் நடைபாதைகளிலும் வாகன நிறுத்துமிடங்களிலும் விழும் நீருக்குத் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. அவ்வகையில் பரிந்துரைக்கப்படும் நீர்புகு தளத்தின் செயற்பாட்டையும் எல்லைகளையும் சென்னையின் மண்வகைகளை முன்னிறுத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

அமைப்பு

நீர்புகு கான்கிரீட்டில் மணல் தவிர்க்கப்படுகிறது அல்லது மிகக் குறைவாகச் சேர்க்கப்படுகிறது. இதனால் சிமெண்டுப் பசை பூசிய சல்லிகளிடையே 15 முதல் 25 விழுக்காடு வரை ஒன்றோடொன்று இணைந்த துளைகள் அமைகின்றன. அத்தளத்தின் கீழ் ஒரே அளவுடைய சல்லிகளாலான படுகை இடப்படுகிறது. நீரைத் தேக்கிவைப்பது இப்படுகையே. இதன் கன அளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு வெற்றிடமாகும். எனவே 300 மி.மீ. தடிப்புள்ள படுகை, தன்மீது விழும் 120 மி.மீ. மழையைக் கொள்ளும்.

அடிமண்ணின் பங்கு

தேங்கிய நீர் அடுத்த மழைக்குள் வடிந்தால்தான் படுகை மீண்டும் பயன்தரும். இவ்வடிதலைத் தீர்மானிப்பது அடிமண். திருவான்மியூர், கொட்டிவாக்கம் முதலிய கடலோரப் பகுதிகள் மணற்பாங்கானவை. அங்கு நீர் விரைந்து இறங்கும். ஆனால் பருவமழையில் நிலத்தடி நீர்மட்டம் மேலெழுந்தால் அவ்வேகம் தடைப்படும். அண்ணா நகர், பெரம்பூர் முதலியன களிமண் பகுதிகள். களிமண்ணில் மணிக்கு 2 மி.மீ. நீர் இறங்குவதாகக் கொண்டால், நிறைந்த படுகை வடிய 60 மணி நேரமாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அவ்வளவு இடைவெளி கிடைப்பது உறுதியன்று. ஆதலால் அங்குப் படுகையினுள் துளையிட்ட குழாய்கள் பதித்து, மிகுநீரை வடிகாலுக்கு மெல்லச் செலுத்துதல் வேண்டும். அந்நிலையில் இத்தளம் நீரூட்டும் அமைப்பாக இராது, வெள்ள உச்சத்தைத் தாழ்த்தும் அமைப்பாகவே விளங்கும்.

எல்லைகள்

புழுதியும் வண்டலும் துளைகளை அடைக்கும். உறிஞ்சு இயந்திரத்தால் காலமுறையில் தூய்மை செய்யாவிடில் இத்தளம் சாதாரணத் தரையாகிவிடும். துளைகள் வலிமையைக் குறைப்பதால் கனரக வாகனங்கள் ஓடும் சாலைகளுக்கு இது பொதுவாகப் பொருந்தாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மி.மீ. மழை பதிவாயிற்று. இது மேற்கூறிய படுகையின் கொள்ளளவைப் போல் நான்கு மடங்கு. அத்தகைய பெருமழைக்கு ஏரிகளும் கால்வாய்களுமே காப்பு.

முடிவுரை

நீர்புகு தளம் அன்றாட மழையின் வழிவைக் குறைக்கும், நீர்நிலைகளுக்கு மாற்றாகாது. நகர் முழுமைக்கும் ஒரே வடிவமைப்பை வகுப்பது களிமண் பகுதிகளில் பொதுப்பணத்தை வீணாக்கும். இடந்தோறும் அடிமண்ணின் உட்புகு வேகத்தை அளந்தறிதலும், பராமரிப்புச் செலவைத் தொடக்கத்திலேயே ஒதுக்குதலும் இத்திட்டங்களின் முதற்படியாதல் வேண்டும்.