பிரிவு என்ற சொல்

நம் கோவைப் பக்கம் பேருந்தில் "பிரிவு எறங்கறவங்க வாங்க" என்றால் யாரும் திடுக்கிடுவதில்லை. பெரிய சாலையிலிருந்து ஊருக்குள் வழி திரும்பும் இடம், அவ்வளவுதான். அதே சொல்லைக் கணவன் மனைவியோடு சேர்த்தால் மட்டும் குரலைத் தாழ்த்துகிறோம். மணமுறிவு என்றே முடிவுகட்டி விடுகிறோம்.

திருச்சபை இவ்விரண்டையும் ஒன்றாக்குவதில்லை. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் எண் 1153-ஐப் பாருங்கள். துணைவரால் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பிள்ளைகளுக்கோ கடும் ஆபத்து என்றால் மற்றவர் பிரிந்து வாழ நியாயம் உண்டு. அதற்கு ஆயரகத்தின் ஆணை வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால் தாமாகவே வெளியேறலாம். குடித்துவிட்டு அடிக்கும் வீட்டில் கடிதம் வரட்டும் என்று எந்தப் பெண்ணும் காத்திருக்க வேண்டியதில்லை. மணப் பிணைப்பு அப்போதும் நிலைக்கிறது; ஆகவே மறுமணம் இல்லை. காரணம் நீங்கினால், பொதுவாகச் சேர்ந்து வாழவேண்டும்.

இப்படிப் பிரிந்திருப்பவர் நற்கருணை வாங்கலாமா? கூடாதென்று உறவினர் யாரோ சொன்னதை நம்பிப் பலர் கடைசி வரிசையிலேயே அமர்ந்துவிடுகிறார்கள். தடையில்லை, எல்லாரையும்போல ஆயத்தத்தோடு வரலாம். நீதிமன்றத்தில் விவாகரத்துக்கு உள்ளாகி மறுமணம் செய்யாதவருக்கும் தடையில்லை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இலேயே எழுதிவிட்டார். ஐயமிருந்தால் உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.