சுருங்கச் சுழற்றல்

நூலுக்குரிய அழகுகள் பத்து என வகுத்த நன்னூல், சுருங்கச் சொல்லலை முதலாவதாகவும் விளங்க வைத்தலை இரண்டாவதாகவும் வைத்தது. இவ்விரண்டின் உறவை, கையில் அடங்கும் ஒரு விளையாட்டுப் பொருளிலும் நாம் காணலாம். ‘ரூபிக் கியூப்’ என்று மாணவர்கள் அழைக்கும் வண்ணக் கனசதுரமே அப்பொருள். அதனைச் சில நொடிகளில் முடிப்போரைக் கண்டு வியக்கின்றோம். ஆனால் மிகக் குறைந்த சுழற்சிகளில் அதனை முடிப்பது எங்ஙனம் என்பது வேறு வினா. விரைவைக் காட்டிலும் ஆழமான வினா.

அங்கேரி நாட்டுத் தலைநகர் புடாபெஸ்டில் கட்டடக் கலை ஆசிரியராயிருந்த எர்னோ ரூபிக் 1974இல் இக்கனசதுரத்தை உருவாக்கினார். தாம் படைத்த புதிரைத் தாமே விடுவிக்க அவருக்கு ஒரு திங்களளவு காலம் பிடித்தது என்பர். அதில் வியப்பில்லை. எட்டு மூலைத் துண்டுகளும் பன்னிரண்டு விளிம்புத் துண்டுகளும் இடம் மாறியும் திசை மாறியும் நிற்கக்கூடிய நிலைகள் 43,252,003,274,489,856,000. நம் வழக்கில் சொல்வதாயின், நான்கு இலட்சத்து முப்பத்தீராயிரம் கோடி கோடிக்கும் மேல்!

எல்லை எது?

இத்தனை நிலைகளுள் எதுவாயினும், அதனை எத்தனை சுழற்சிகளுக்குள் சீராக்கலாம்? முதலில் எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். ஒரு முகத்தை வலமாகவோ இடமாகவோ கால் சுற்றலாம். அரைச் சுற்றும் சுற்றலாம். ஒவ்வொன்றும் ஒரு சுழற்சியே. ஆறு முகங்களுக்கும் சேர்த்து முதற் சுழற்சிக்கு 18 வழிகள் உள்ளன. அதே முகத்தை மீண்டும் சுற்றுவது வீண் ஆதலின், அடுத்தடுத்த சுழற்சிகளுக்கு 15 வழிகளே எஞ்சும். இவ்வாறு 16 சுழற்சிகள் வரை அமையும் வரிசைகள் அனைத்தையும் கூட்டினாலும், அத்தொகை மொத்த நிலைகளில் ஐந்தில் ஒரு பங்களவே ஆகும். ஆகவே 16 போதாது என்பது கனசதுரத்தைக் கையால் தொடாமலேயே விளங்கிவிடுகிறது.

மேல் எல்லையைக் காண்பது இத்துணை எளிதாக இல்லை. 52 சுழற்சிகள் எந்நிலைக்கும் போதும் என 1981இல் தீசில்த்வெயிட் காட்டினார். 1995இல் மைக்கேல் ரீட் அதனை 29ஆகக் குறைத்தார். எல்லாத் துண்டுகளும் தத்தம் இடத்திலேயே இருக்க, பன்னிரு விளிம்புகள் மட்டும் புரண்டு நிற்கும் நிலைக்கு 20க்குக் குறைந்த வழியே இல்லை என்பதையும் அவரே அவ்வாண்டில் நிறுவினார். இறுதியாக 2010இல் ரோக்கிக்கி, கோசியம்பா, டேவிட்சன், டெத்ரிட்ஜ் ஆகிய நால்வரும் எந்நிலைக்கும் 20 போதும் என மெய்ப்பித்தனர். அவர்கள் நிலைகளை 221 கோடிக்கும் மேற்பட்ட தொகுதிகளாகப் பிரித்தனர். ஒத்தவற்றை ஒன்றாக்கி அவற்றை ஏறத்தாழ 5.6 கோடியாகச் சுருக்கினர். கூகுள் நிறுவனம் அளித்த கணினிகள் பல ஒருங்கே இயங்கிச் செய்த அவ்வேலையை ஒரே கணினி செய்திருப்பின் 35 ஆண்டுகள் ஆகியிருக்கும்.

வழி எது?

எல்லை தெரிந்துவிட்டது, ஆயின் வழி தெரிந்துவிட்டதா? இல்லை. உலகக் கியூப் சங்கத்தின் விதிப்படி நடைபெறும் குறைந்த சுழற்சிப் போட்டியில், ஒரே விதமாகக் கலைத்த நிலை எல்லோருக்கும் தாளில் எழுதித் தரப்படும். கனசதுரம், எழுதுகோல், தாள், அறுபது நிமிடம் ஆகியனவே துணை. கணினிக்கு இடமில்லை. விரைவுப் போட்டியாளர் மனப்பாடம் செய்த வாய்பாடுகளால் ஐம்பது, அறுபது சுழற்சிகளில் முடிப்பர். இங்கு அது உதவாது.

இப்போட்டியாளர் கையாளும் உத்திகளுள் இரண்டு நம் கருத்தைக் கவர்வன. முதலாவது, தலைகீழாக நோக்குதல். கலைத்த வரிசையைப் பின்னிருந்து முன்னாக, ஒவ்வொரு சுழற்சியையும் எதிர்த்திசையாக்கிச் சுற்றினால் வேறொரு நிலை கிடைக்கும். அதற்குக் கண்ட விடையை மீண்டும் தலைகீழாக்கினால் மூல நிலைக்கு விடையாகும். முன்னே வழி அடைபட்டால் பின்னே திறக்கும்.

இரண்டாவது, செருகுதல். மூன்று மூலைகள் மட்டும் மாறியிருக்க மற்றவை சீராகிவிட்டன எனக் கொள்வோம். அம்மூன்றையும் மாற்ற வல்ல எட்டுச் சுழற்சி வரிசைகள் உள்ளன. அத்தகையதொன்றை இறுதியில் சேர்ப்பின் எட்டும் கூடும். ஆனால் எழுதிய விடையின் நடுவே தக்க இடத்தில் செருகினால், அண்டையிலுள்ள வலச்சுற்றும் புதிய இடச்சுற்றும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மூன்றோ நான்கோ மட்டுமே கூடும். எழுதிய கட்டுரையை மீண்டும் படித்து, மிகையான சொல்லை நீக்கும் ஆசிரியரின் பணியை இது ஒக்கும் அன்றோ?

இவற்றோடு, தீசில்த்வெயிட்டும் கோசியம்பாவும் கணினிக்கென வகுத்த ‘முதலில் நிலையை எளிய வகையாக்கிப் பின் முடி’ என்னும் நெறியையும் போட்டியாளர்கள் கற்றுத் தமதாக்கிக் கொண்டனர். 2019இல் இத்தாலியரான செபாஸ்டியானோ டிரோண்டோ 16 சுழற்சிகளில் விடை கண்டார். எந்நிலைக்கும் போதுமென நிறுவப்பட்ட எல்லைக்கும் நான்கு குறைவு!

இன்று ஒரு சிறு கணினியும் இருபது சுழற்சியை ஒட்டிய விடையை இமைப்பொழுதில் தந்துவிடும். அவ்விடையைப் பார்த்துச் சுற்றுபவரின் கனசதுரம் சீராகும். அறிவில் ஒன்றும் கூடாது. அறுபது நிமிடம் முயன்று முப்பது சுழற்சியில் முடித்த மாணவனோ, தன் விடையின் ஒவ்வொரு சுழற்சிக்கும் காரணம் சொல்வான். தேர்வுக்கென விடைகளை மனப்பாடம் செய்யும் பழக்கம் மிகுந்த நம் வகுப்பறைகள் எண்ணிப் பார்க்க வேண்டிய வேறுபாடு இது. சுருக்கம் பிறர் தரலாம். விளக்கம் நாமே தேட வேண்டும். முதலாவது அழகை அடைந்தும் இரண்டாவதை இழந்தோமாயின், நாம் பெற்றது விடையே அன்றிக் கல்வி அன்று.