வீட்டிலேயே பொம்மை பிரின்ட் பண்ணலாம்... அப்போ 4 கோடி ரூபாய் பொம்மையின் கதி?

உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பொம்மை. 2024-ல் அமெரிக்காவில் அது ஏலம் போன விலை 5,25,000 டாலர். நம்ம கணக்கில் 4 கோடி ரூபாய்க்கு மேல்!

'ஸ்டார் வார்ஸ்' கதாபாத்திரமான போபா ஃபெட்டின் பொம்மை அது. முதுகிலிருந்து ராக்கெட் பாயும்படி 1979-ல் கென்னர் நிறுவனம் வடிவமைத்தது. குழந்தைகளின் தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில், ராக்கெட்டை அசையாமல் ஒட்டித்தான் விநியோகித்தார்கள். பாயும் ராக்கெட்டோடு செய்த மாதிரிகள் சில மட்டுமே மிஞ்சின. அதனால்தான் இந்த விலை.

சரி, இதே உருவத்தை 3டி பிரின்டரில் எடுத்துவிட்டால்? 2009-ல் முக்கியமான ஒரு காப்புரிமை காலாவதியானதும் இந்த மெஷின்களின் விலை சரிந்தது. இன்று சில நூறு டாலருக்கே கிடைக்கிறது.

முதல் அடி விழுவது பெரிய பொம்மைக்கு இல்லை, அதன் கையில் இருக்கும் குட்டித் துப்பாக்கிக்கு. சின்ன வயசில் விளையாடித் தொலைத்ததை, வளர்ந்தபிறகு தனியாகக் காசு கொடுத்துத் தேடுகிறார்கள். அலமாரியில் அழகுக்கு வைத்தால் போதும் என்பவர்கள் இனி ஏன் தேடணும்? பிரின்ட் போட்டால் முடிந்தது. பிரச்னை எங்கே என்றால், அந்தப் பிரின்ட்டை ஒரிஜினல் என்று கைமாற்றும்போதுதான்.

கண்டுபிடிக்க முடியாதா? சாதாரண பிரின்டர் அடுக்கடுக்காக உருக்கி ஊற்றுவதால் மெல்லிய வரிகள் தெரியும். ரெசின் பிரின்டரில் அதுவும் பெரிதாகத் தெரியாது. வெறும் கண்ணை நம்பிப் பயனில்லை.

காகிதத்திலும் இதே கதைதான். 1996-ம் ஆண்டு மாதிரிகள் என்று சொல்லப்பட்ட போகிமான் அட்டைகள், நிபுணர்களின் சான்றிதழோடு விற்பனைக்கு வந்தன. பல கலர் லேசர் பிரின்டர்கள், அச்சடித்த தேதியைச் சங்கேதமாகச் சொல்லும் மங்கலான மஞ்சள் புள்ளிகளைக் காகிதத்தில் பதிக்கும். 2025 தொடக்கத்தில் சேகரிப்பாளர்கள் சிலர் அந்தப் புள்ளிகளைப் படித்துப் பார்த்தார்கள். சில அட்டைகளில் இருந்த தேதி, 2024! பிரின்டரே காட்டிக்கொடுத்துவிட்டது. ஆனால் பிளாஸ்டிக் பொம்மையில் அப்படிப் புள்ளி எதுவும் இருக்காது.

அதனால் மதிப்பு இப்போது பொருளைவிட அதன் ஜாதகத்துக்குத்தான்: பிரிக்காத பெட்டி, பழைய பில், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற விவரம். நீங்கள் வாங்கப்போனால் 'துப்பாக்கி ஒரிஜினலா?' என்று தனியாகக் கேளுங்கள். 'முழு செட்' என்ற வார்த்தைக்குள் நேற்று ராத்திரி பிரின்ட் போட்டதும் அடங்கிவிடும்.